தூசிக்கு ஒரு நோட்டீஸ்

இந்த வாரம் எங்கள் மங்காஃபில்
நகராட்சி செய்த காரியங்கள் மூன்று:
பள்ளிவாசல் முனையில் ஒரு வேகத்தடை,
பூனைகள் திறக்க முடியாத குப்பைத் தொட்டி,
அப்புறம்
வரிசைக் கடைசியில் நிற்கும் வெள்ளை சன்னியின் கண்ணாடியில்
ஆரஞ்சு நிற நோட்டீஸ்.
கைவிடப்பட்ட வாகனம். நாற்பத்தெட்டு மணி நேரம்.

கைவிடவில்லை ஐயா.
அது ஜெபநேசனுடையது.
மூன்று வாரமாய் எலும்பு ஆஸ்பத்திரியில்
காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கிறார்.
சாவி அவர் தலையணைக்கடியில்.

அரை தினார் கொடுத்து
அரபியில் மனு அடித்துக்கொண்டு போனேன்.
உரிமையாளர் நேரில் வரணும் என்றார்கள்.
கட்டிலோடா என்று கேட்க
எனக்கு அரபி போதவில்லை.

அன்று இரவு
வாட்ச்மேன் மிஜான் குழாயைத் திறந்துவிட்டான்.
அதற்கும் அபராதம் உண்டு, தெரியும்.
மூன்றாம் மாடி ரொவேனா ஷாம்பூ கொண்டுவந்தாள்,
தலைக்குப் போடுவது.
பக்ருதீன் பாய் டயருக்குக் காற்றடித்தார்.
நான் டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான்.
பானெட் தூசியில் யாரோ விரலால் போட்டிருந்த கூட்டல் கணக்கைக்
கடைசியில் அழித்தோம்.
தப்புக் கணக்கு.

ஞாயிறு காலை இன்ஸ்பெக்டர் வந்தார்.
பானெட்டில் விரலை இழுத்தார்,
விரலைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் நோட்டீஸை அவரே உரித்தார்.
பாதிதான் வந்தது.

நாற்பத்தெட்டு மட்டும்
இன்னும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
ஜெபநேசனின் வயதும் அதுதான்.
படம் எடுத்து அனுப்பினேன்.
சிரித்தால் கால் இழுக்கிறதாம்.

நாளை தூசிக்காற்று என்கிறார்கள்.
ஷாம்பூ
கால் பாட்டில் மிச்சமிருக்கிறது.