பதினாலு நானூறு

அறுபது டன் வரைக்கும் பொய் சொல்லாத எடைமேடை
டாரஸ் ஏறி நின்றால் திணறுகிறது.
இருபது என்கிறது, பூஜ்யம் என்கிறது,
மறுபடி இருபது.
அதற்குக் கீழே
அதற்குக் கண் தெரியாது.

டாரஸ், நாயின் பெயர்.
பன்னிரண்டு சக்கர லாரிக்கு அடியில்
குட்டியாய்க் கிடந்ததால் க்ளீனர்கள் வைத்தது.
பகலில் வேலந்தாவளத்துக்காரன்,
ராத்திரியில் நம்ம பக்கத்து ஆள்.
சோதனைச்சாவடியில் அவனிடம் மட்டும்
யாரும் பில் கேட்பதில்லை.

முள்கம்பி கிழித்த தொடை சீழ் வைத்த அன்று
என் மேஜை அறையில் ஆறு மாத்திரை இருந்தது.
கடைவாய்ப் பல் பிடுங்கியபோது கொடுத்தது.
வலி நின்றதும் நானும் நிறுத்திவிட்டேன்.
ஒன்றைப் பாதியாய் உடைத்து
பன்னுக்குள் வைத்தும் விட்டேன்.
லாட்டரிக் கடை ரெமணி சேச்சி
எல்லைக் கல்லைத் தாண்டி ஓடிவந்து பிடுங்கினாள்.
"உனக்குத் தந்ததை நீயே தின்னு தீர்க்கலை,
நாய்க்கு எதுக்கடா அந்த மிச்சம்?"

கொழிஞ்சாம்பாறை டாக்டர்
காயத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
எத்ர கிலோ?
ஆயுசெல்லாம் எடை போடுகிறவன்
திருதிருவென விழித்தேன்.
ஆஸ்பத்திரித் தராசு கெட்டு மூன்று மாதம்.
எதிரே தேங்காய் மண்டியில்
அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்: எழுபத்தைந்து நானூறு.
இறக்கிவிட்டு ஏறினேன்: அறுபத்தொன்று.
மொத்தத்தில் காலியைக் கழித்தால் சரக்கு.
பதினேழு வருஷமாய்ப் போடும் கணக்குதான்.
காலி வண்டி நான் என்பது புதிது.

எடையைக் கேட்ட பிறகுதான் பேனாவைத் திறந்தார்.
காலை எட்டு, ராத்திரி எட்டு, சோற்றோடு, பத்து நாள்.
"காயம் உணங்கியாலும் நிறுத்தண்டா.
சர்த்திச்சால், முகம் வீங்கிச்சால்
என்னை விளிக்கு. நீயே டாக்டர் ஆகண்டா."

காலை மாத்திரை கேரளத்தில், ரெமணி கையால்.
ராத்திரி மாத்திரை இந்தப் பக்கம், என் கையால்.
அவள் விழாத சீட்டின் முதுகில் கோடு போட்டாள்,
நான் எடைச் சீட்டின் முதுகில்.

அஞ்சாம் நாள் புண் காய்ந்து
இளஞ்சிவப்பாய்த் தோல் மூடியது.
தக்காளி வண்டியைத் துரத்திக்கொண்டு
அரைக் கிலோமீட்டர் ஓடினான்.
என் கை தன்னாலே
மாத்திரை அட்டையை மேஜை அறைக்குள் தள்ளப் பார்த்தது.
அந்த அறை எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள் ஜெனரேட்டருக்குப் பின்னால் கூட்டும்போது
எச்சிலில் ஊதிய இரண்டு மாத்திரை.
இரண்டும் என் முறை.
சோற்றைத் தின்று, மருந்தைக் கன்னத்தில் அடக்கி,
என் கண் முன்னாலேயே வாலையும் ஆட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
விட்ட இரண்டையும் இன்றைக்கே சேர்த்துக் கொடுக்கட்டுமா
என்று போனில் கேட்டேன்.
"லாரியா, பாக்கி லோடு ஏற்றான்?
சமயத்துக்கு ஒண்ணு. அத்ரே உள்ளு.
கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கோ, வந்து சீட்டு வாங்கு."

அப்புறம் மத்தி மீன் உருண்டைக்குள் வைத்தேன்.
வாயை மூடிப் பிடித்துத் தொண்டையைத் தடவினேன்.
நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டால்
இறங்கிவிட்டது என்று அர்த்தமாம்.
அது வரும் வரைக்கும்
அவன் என்னைப் பார்ப்பான், நான் அவனை.
பின்னால் வரிசையில் ஹாரன் அடிப்பார்கள்.
அடிக்கட்டும்.

பதினோராம் ராத்திரி அட்டை காலி.
என் ஐந்தரை மாத்திரை
இன்னும் மேஜை அறையில்தான் கிடக்கிறது.
ரெமணியிடம் சொல்லவில்லை.

விடியற்காலை டாரஸ் மேடையைக் குறுக்காகக் கடந்து
கேரளத்துக்குப் போனான், காலை ஊன்றி, அவசரமில்லாமல்.
திரையில் பூஜ்யம்.
நோட்டில் நேரம் எழுதினேன், ஐந்து நாற்பது.
வண்டி எண் பத்தியில் ஒரு கோடு.
எடை: பதினாலு நானூறு.