அரைப் பக்கம்

தவிசாளர் சொன்னார்:
"அரைப் பக்கம் காணும் பிள்ளை,
ஆள் வர முதல் அடிச்சு முடி."

மலேசியாவிலிருந்து வந்த மின்னஞ்சல் ஏழு பக்கம்.
பாமினி எழுத்தில்
ஒரு மனிதனைச் சுருக்கத் தொடங்கினேன்.

அழகுவேல், த/பெ சின்னப்பையன்.
ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறப்பு.
பத்தொன்பது வயதில் லொறிக் கிளீனர்.
இருபத்தாறில், சம்பளம் கேட்ட கூட்டமொன்றில்
மேசை மேல் ஏறியவர்
பிறகு இறங்கவேயில்லை என்று
யாரோ அன்போடு எழுதியிருந்தார்கள்.
நான்கு தேர்தல், நான்கு தோல்வி.
ஒருமுறை கட்டுப்பணமும் போயிற்று.
ஐந்தாவதில்
முன்னூற்றுப் பதினொரு வாக்கு கூடி
மாநிலச் சட்டமன்றம்.
பிறகு கட்சி மாறினார்.
பிறகு அந்தக் கட்சியே மாறிப்போனது.
ஒரு டத்தோ பட்டம், ஒரு பைபாஸ்,
இப்போது எங்கள் மல்லாவிக்கு
ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம்.

நடுவில் ஒரு வரி:
விசாரணையின்றி இரண்டு ஆண்டும் ஒரு மாதமும்
தடுப்புக் காவல்.

தவிசாளர் சிவப்புப் பேனை எடுத்தார்.
"இது வேண்டாம்.
பொலிசும் வருவினம்."
வெட்டிய இடத்தில்
'பொதுப்பணியில் பல தியாகங்கள்' என்று போட்டேன்.
வரியின் நீளம்
கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

கச்சான் காற்றில்
பந்தல் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
வான் வந்தது.
வெள்ளை வான்.
வாடகைக்காரனிடம் வேறு நிறம் இல்லையாம்.
கதவு திறந்து ஆள் இறங்கும் வரை
முன்வரிசைப் பெண்கள் யாரும் எழும்பவில்லை.

பூப்போட்ட பட்டிக் சட்டை,
ஒரு காலில் சின்ன நொண்டல்.
குழாயைத் திறந்து
முதல் டம்ளரைத் தானே குடித்தார்.
நான் வெட்டியதை
மைக்கில் தானே எடுத்துப் போட்டார்:
"உள்ள இருந்தப்ப துருத்தண்ணிதான்,
கைலியில வடிகட்டிக் குடிச்சோம்."
நூறு மேடையில் சொல்லியிருப்பார்.
கைதட்டுக்கு அளவாக இடம் விட்டார்.

ஒருவரும் தட்டவில்லை.
யோகபுரத்து யோகரஞ்சிதம் எழும்பினாள்.

"ஐயா, உங்களை உள்ள விடேக்க
பேர் பதிஞ்சவையோ?"

மைக் தேவைப்படாத குரல்.
கிளிநொச்சிக் கொட்டகையில்
படத்தை மடியில் வைத்துக் கத்திப் பழகிய குரல்.

"பதிஞ்சாங்கம்மா."

"துண்டிலயோ, புத்தகத்திலயோ?"

"புத்தகம். பச்சை அட்டை போட்ட பெரிய புத்தகம்."

"வெளிய விடேக்க?"

"அதே புத்தகத்துல கையெழுத்து.
பெல்ட்டு, கைக்கடிகாரம்,
பதினாலு வெள்ளி. எண்ணிக் குடுத்தாங்க."

"ம்.
எங்கட பிள்ளையைக் குடுக்கேக்க
அவை ஒண்டும் எழுதேல்லை."

அவ்வளவுதான். இருந்துவிட்டாள்.
சேலைத் தலைப்பால் கதிரைக் கையைத் துடைத்தாள்,
அதில் தூசி இல்லை.

மைக்கை இடக்கைக்கு மாற்றினார் டத்தோ,
பிறகு வலக்கைக்கு.
எந்த எதிர்க்கட்சி வரிசையிலும்
இப்படி நின்றிருக்க மாட்டார்.
பொலிஸ்காரர் தன் தொலைபேசியைப் பார்த்தார்.
என்னிடம் கை நீட்டினார் டத்தோ. பேனை கொடுத்தேன்.
என் அரைப் பக்கத்தைத் திருப்பி
வெறும் பக்கத்தை மேலே வைத்தார்.
"பேரு சொல்லும்மா. பையன் பேரு."

மனு வாங்கிப் பழகிய கையா,
இல்லை வேறு ஏதுமா, எனக்குத் தெரியாது.
எழுதி என்ன செய்வார் என்று
அவருக்கே தெரிந்திருக்காது.
சொன்னாள்.
பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள்,
அவளுக்குப் பின்னால் இருவர்.
தேத்தண்ணி ஆறிப்போனது.
'றஜீவனுக்கு எந்த ற' என்று
ஒருமுறை என்னைக் கேட்டார்.
வரிசை முடியவில்லை, தாள் முடிந்தது.
ஓரத்தில் குறுக்காக எழுதினார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து
வானில் ஏறினார்.

கோவைக்கு ஒரு பிரதி வேண்டுமென்று
மறுநாள் திரும்பவும் அச்செடுத்தேன்.
வெட்டிய வரியைப் போட்டேன்.
யார் வாசிக்கப் போகிறார்கள்.

என் பேனையும் அவரோடு போய்விட்டது.
பாதிக்கு மேல் மை இருந்தது.