சிவப்பு ஸ்டிக்கர்

ஆர்டர் எட்டாயிரத்து நானூறு பீஸ்.
கருப்புத் துணி, நெஞ்சுக்கு நடுவில்
எழுபத்தொன்றில் வந்த ஓர் இசைத்தட்டின் உறை:
பாலத்தின் மேல் முடி வளர்த்த நாலு பேர்,
நாலாவது ஆளுக்கு மட்டும் இரண்டு நிழல்.

முதல் சாம்பிளிலேயே தள்ளினேன்.
ஸ்கிரீன் நகர்ந்திருக்கிறது என்றேன்.
ரஞ்சன் ஒடியாவில் ஏதோ முனகிக்கொண்டு
ஃபிரேமைக் கழற்றி மாட்டினான்.
மறுபடியும் இரண்டு.
ராத்திரி பையரிடமிருந்து மெயில்:
ஒரிஜினலே அப்படித்தான்,
திருத்தினால் சரக்கை எடுக்க மாட்டோம்.

பதினோரு வருஷமாகத் திருப்பூரில் செக்கிங் பார்க்கிறேன்.
தப்பைத் திருத்தாதே என்று எழுத்தில் வந்தது
இதுதான் முதல் தடவை.

அதனால் கேட்டேன்.
மங்கலம் ரோடு யூனிட்டில், நைட் ஷிஃப்டில்,
ஒரு காதில் இயர்போன், மறு காதில் க்யூரிங் மிஷின்.
வார்த்தை பாதி புரியவில்லை.
கிட்டார், சாயத்தொட்டியில் உப்பு கரைவதுபோல
எங்கே முடிந்தது என்று காட்டாமல் போனது.
மூன்றாம் பாட்டில் பாடுகிறவன் மூச்சு வாங்குவது கேட்கிறது.
ஐந்தாவதில் யாரோ இருமுகிறார்கள்,
டிரம் அரை நொடி பிந்தி வருகிறது.
கை தானாக ஸ்டிக்கர் சுருளைத் தேடியது.

அந்தப் பாட்டு முடியவும் கரண்ட் போனது.
மிஷின் அடங்கியது. போனையும் நிறுத்தினேன்.
ஆர்ட்வொர்க்கில் பார்த்திருக்கிறேன்:
ஐந்து பாட்டு ஒரு பக்கம், நாலு மறு பக்கம்.
நடுவில் யாராவது எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.
ஜெனரேட்டர் பிடிக்க எடுத்த மூன்று நிமிஷம்
அந்தக் கைக்கென்று விட்டுவைத்த
தையல் இடம்போல இருந்தது.

மெர்ச்சண்டைசர் நாச்சிமுத்து அண்ணன் சொன்னார்:
"அத்தன பாட்டும் ஹிட்டா இருக்கோணும்.
அப்பத்தான் அது பெரிய ஆல்பம்."
அது காம்போ பேக்குங்ண்ணா, என்றேன்.
நாலு நல்ல பனியனை ஒரே கவரில் போட்டா
ஒரு சட்டை ஆயிடுமா?
ஏழாவதைக் கேளுங்க: ஒண்ணே முக்கால் நிமிஷம்,
பாட்டே இல்ல. ஒரு பியானோ,
யாரோ நாற்காலிய இழுக்கற சத்தம்.
தனியா வித்தா ஆரும் தொட மாட்டாங்க.
அக்குள்ல வெச்சுத் தைக்கற சதுரத் துண்டுங்ண்ணா அது.
அது இல்லீன்னா ஒன்பதாவதுல
அந்த ஆளு கையத் தூக்கவே முடியாது.
அவர் சிரித்தார். "வித்தது எத்தனைங்கறது?"
கேட்டுச் சொல்றனுங்ண்ணா.

ரஞ்சனுக்கு ஒரு காதைக் கொடுத்தேன்.
ரப்பரை இழுக்கும் அவன் கையும்
அரை நொடி பிந்தத் தொடங்கியது.
அந்த டசனில் மை தடித்துப்போனது.
அதையும் தள்ளினேன்.

இருமலை விட்டு என்னால் நகர முடியவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் என்னைப்போல ஒருத்தர்
இன்னொரு டேக் என்று வாயெடுத்திருப்பார்.
நேரம் இல்லையோ, காசு இல்லையோ,
வேறு ஏதோ. சொல்லாமல் விட்டிருக்கிறார்.
இருமலைத் தாண்டி நகர்த்திப் போட்டுப் பார்த்தேன்.
டிரம் சரியான நேரத்தில் வந்ததுபோல் கேட்டது.
அந்த அறையில் ஆள் இல்லை.

கடைசி நாள் ரிஜெக்ட் நூற்றுப் பதினேழு.
ஊசி ஓட்டை, மைத் திட்டு, கழுத்துக் கோணல்.
ஒன்றில் மட்டும் மூன்று நிழல்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
நாலாவது ஆள் பாலத்தை விட்டு
ஓரடி இந்தப் பக்கம் வந்து நின்றான்.

காதர்பேட்டைக்காரர் மூட்டை கட்ட வந்துவிட்டார்.
"ஏனுங் மேடம், ஆச்சுங்களா?"
சித்த இருங்க என்றேன்.
ஸ்டிக்கர்
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.