அஃறிணைக்கு ஒரு வசனம்

டோக்கியோ, நெரிமா வட்டாரம்,
மூன்றாம் எண் ஒலிப்பதிவுக் கூடம்.
சரசரக்காத பருத்திச் சட்டையில் நிற்கிறாள்
சிகுசா காஜிதானி.
பத்தொன்பது ஆண்டுகளாக அவள்
ஒரு பிராணியின் தொண்டை.

முயலுமல்ல, மூட்டையுமல்ல;
நீல வாலும் ஒற்றைப் பல்லுமாய் ஏதோ ஒன்று.
கா என்பதால் காக்கை ஆனது போல
நுயூ என்பதால் நுயூ.
வேறொன்றும் சொல்லத் தெரியாது அதற்கு.

வசனத் தாளில் அவள் பங்கு எப்போதும்
அடைப்புக்குறிக்குள் இருக்கும்:
(பசி). (சந்தேகம்). (மழையைப் பார்க்கிறது).
மற்றவர்கள் பக்கம் பக்கமாய்ப் பேசி முடித்த பின்
அவள் அந்தக் குறியைத் திறந்து
உள்ளே போய் வருவாள்.

ஒருமுறை அவள் வயிறு கடமுடவென்றது.
ஒலிப்பொறியாளர் முகிஷிமா அதை அழிக்கவில்லை.
நுயூ உறங்கும் காட்சிகளில் எல்லாம்
இன்றைக்கும் அந்த வயிறுதான்.

ஏன் அது பேசுவதில்லை என்றால்
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.
முதல் விளையாட்டு வந்த காலத்தில்
சில்லுக்குள் அரை நொடிக்குத்தான் இடம் என்பார் முகிஷிமா;
அரை நொடியில் யார் என்ன பேசிவிட முடியும்?
நாற்பது நாடுகளுக்கு விற்கிறோம்,
மொழிபெயர்க்க வேண்டாத ஒரே ஊழியர் அதுதான்
என்பார் கணக்குப் பிரிவின் தோகாஷி.
லிமாவிலிருந்து ஒரு சிறுவன் எழுதியிருந்தான்:
"என்னிடம் அது ஸ்பானிய மொழியில்தான் பேசுகிறது.
அம்மாவுக்குத்தான் கேட்பதில்லை."

சலசலவைப் பிரித்தால்
கையில் ஒரு சலவும் மிஞ்சாது.
நுயூ ஒரு பாதி.
மறுபாதி லிமாவில் இருந்தது.

கடைசி அத்தியாயம்.
புதிதாய்ச் சேர்ந்த எழுத்தாளன் ஒரிகாசா
(அழுகிறது) என்பதை அடித்துவிட்டுப்
பென்சிலால் எழுதினான்: "போகாதே."

சிவப்பு விளக்கு.
சிகுசா சொன்னாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை.
நன்றாகத்தான் இருந்தது; அதுதான் சிக்கல்.
ஒரே சொல்லில் அதற்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.
அது, அவள் ஆகிவிட்டது.
"எந்த ஊர்க்காரி இது?" என்றார் தோகாஷி, சிரித்தபடி.

அகிதா.
குளிருக்கு வாயை முழுக்கத் திறக்காமல்
எங்கே என்பதையும் குளிக்க என்பதையும்
ஈரெழுத்தில் முடித்துக்கொள்ளும் ஊர்.
அந்த உயிரெழுத்துகளைத் தேய்த்துக் கழுவப்
பயிற்சிப் பள்ளிக்கு இரண்டு வருடம் பணம் கட்டியிருந்தாள்.
இளவரசி, செவிலி, ரயில் நிலைய அறிவிப்பு,
எல்லாம் கழுவிய வாயால்.
நுயூவை மட்டும் யாரும் திருத்தியதில்லை.
பொருளில்லாத ஒலியில் எது கொச்சை?
அந்தத் தொண்டையிலிருந்து புறப்பட்டதால்
சொல்லும் கழுவாமலே வந்துவிட்டது.

முகிஷிமா காதொலிப்பானைக் கழற்றினார்.
"போகாதே என்று சொல்லத் தெரியுமென்றால்,
நூற்றுப்பன்னிரண்டாம் அத்தியாயத்தில்
எரிமலைக்குள் அனுப்பினோமே,
அப்போது ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை?"

பத்தொன்பது ஆண்டுச் சண்டைகள்.
ஒவ்வொன்றிலும் சிறுவன் கை நீட்டுவான்,
அது பாயும்.
சம்மதமா என்று கேட்க ஒரு மொழி இல்லை.
அதனால் கேட்கவில்லை.
அதனால் சம்மதம்.

ஒரிகாசா ரப்பரைத் தேடினான்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

மறுபடி சிவப்பு விளக்கு.
"நுயூ" என்றாள்.
அதற்குள் போகாதே இருந்தது.
மாட்டேனும் இருந்தது.
இரண்டாவது முகிஷிமாவுக்குக் கேட்டதா, தெரியாது.
கோப்புக்குப் பெயர் வைத்தார்:
நுயூ, சோகம், ஏழு.

வெளியே காகம் ஒன்று
குப்பைப் பையைக் கிழித்தபடி
தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.
மூலைக் கடையில் அவள் சோற்றுருண்டை வாங்கினாள்.
"பை வேண்டுமா?" என்றான் பையன்,
நாளைக்கு முன்னூறு முறை கேட்கிற குரலில்.
"வேண்டாம்" என்றாள் சிகுசா,
கழுவாத வாயால்.
பையன் நிமிர்ந்து பார்த்தான்.