வரிசை எண் 88

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்துவிட்டது. துறைமுகத்துக் கிரேன்கள்
யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுக்
கை ஓய்ந்தவைபோல் நிற்கின்றன.
நூலகத்தின் மூன்றாம் மாடியில்
வெந்நீர்க்குழாய் பெருமூச்சு விடும் மூலையில் நான்.
திரையில் முந்நூற்றுப் பதினோரு மணிக்கட்டுகள்,
எல்லாம் பனியில் வழுக்கி ஒடிந்தவை.

பெயர் கிடையாது. வயது, பால், எந்தக் கை,
தகடா மாவுக்கட்டா,
ஆறு மாதம் கழித்து விரல் மடங்கியதா.

எப்படி விழுந்தார் என்றும் ஒரு கட்டம் இருந்தது.
தபால் எடுக்கப் போய்.
நாய் இழுத்து.
தேவாலயப் படியில், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தபோது.
காரணம் ஒன்றுமில்லை, ஆடினேன் என்றார்.

"இதையெல்லாம் எண்ண முடியாது, ஸோல்வெய்"
என்றார் டாக்டர் பெக்ஸ்ட்ராண்ட்.
நீக்கினேன்.
வேறொரு கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்,
விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லை.

முதல் பெருந்தேர்வில் இப்போது மதிப்பெண் இல்லை,
தேறினாயா என்பது மட்டும்.
இனி மூச்சு விடலாம் என்று நினைத்தோம்.
அளவுகோலைப் பிடுங்கினால்
அளக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?
எலும்பு அறுவைக்கு இடம் கேட்டால்
எத்தனை கட்டுரை என்கிறார்கள்.

ப்ரெண்ட் ஓயாலாவிடம் பதினெட்டு.
ஒரு கல்லில் இரண்டு மாங்காய் பழைய கணக்கு.
அவன் ஒரே மாங்காயை அரிந்து
கீற்றொன்றைச் சுருக்கமாக, ஒன்றைச் சுவரொட்டியாக,
ஒன்றைக் கட்டுரையாக அனுப்பி,
கொட்டையைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதியவன்.
சிரித்திருக்கிறேன்.
பிறகுதான் தெரிந்தது, அவன் அப்பா
தாதுக் கப்பலில் சமையல்காரர்.
ஓராண்டு ஊதியமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் உட்கார
அந்த வீட்டில் வழியில்லை.
அதனால் அரிந்தான். இரவெல்லாம் அரிந்தான்.

நான் ஒன்றில் ஏழாம் ஆசிரியர், ஒன்றில் நான்காம் ஆசிரியர்.
ஆசிரியர் என்று பேர்,
யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.
இந்த மணிக்கட்டுகளில்தான் என் பெயர் முதலில் வரும்.

எண்பத்தெட்டாம் வரிசையில் நின்றேன்.
பெண். பத்தொன்பது. வலது கை.
ஹாக்கி இறுதியாட்டம் நடந்த அதே சனிக்கிழமை.
தகடு, ஆறு திருகாணி.
ஆறு மாத முடிவு: தொடர்பில் இல்லை.

ஸ்வெட்டரின் கையை மேலேற்றிப் பார்த்தேன்.
தழும்பு அங்கேயேதான் இருந்தது, மீன்முள்போல.

அந்த ஜூலையில் மேடிசனுக்குப் போயிருந்தேன்.
தொலைபேசி எண்ணை மாற்றியிருந்தேன்.
விரல் மடங்குகிறது, டாக்டர்.
கதவுக் குமிழைத் திருக மட்டும்
என்னைக் கேட்காமலே இடது கை முந்துகிறது.
பனி விழப்போகும் முந்தைய இரவே
உள்ளிருக்கும் இரும்புக்குச் செய்தி வந்துவிடுகிறது.

காலிக் கட்டத்தில் சுட்டி துடித்தது.
விடை எனக்குத் தெரியும், ஒற்றை இலக்கம்.
இட்டால் காணாமல் போனவர்கள் முப்பத்தொன்பது,
இடாவிட்டால் நாற்பது.
முடிவு ஒரு மயிரிழை என் பக்கம் சாயும்.
கை விசைக்குப் போனது.
மற்ற முப்பத்தொன்பது பேருக்கு
இப்படித் திரையின் இந்தப் பக்கம் வந்து உட்காரக் கிடைக்கவில்லை.
தேநீர் ஆறும்வரை யோசித்தேன்,
பிறகு எண்பத்தொன்பதுக்குப் போனேன்.

நவம்பரில் ஓமஹா. நேர்காணல்.
டாக்டர் மெரிவெதர் என் பட்டியலைப்
பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஐந்து.
மீண்டும் எண்ணினார், கூடிவிடுமோ என்று.
"இந்த ஆய்வின் குறை என்ன?"
"நாற்பது பேரைக் கைவிட்டோம்."
"அவர்கள்தான் திரும்பி வரவில்லை என்று சொல்ல வேண்டும்"
எனத் திருத்தினார், அன்பாகத்தான்.
நான் மறுத்துப் பேசவில்லை.

இருபது நிமிடம் முடிந்தது.
எழுந்து கை நீட்டினார். வலது கையைக் கொடுத்தேன்.
நல்ல பிடி, எலும்புக்காரர் பிடி.
சன்னலுக்கு வெளியே வானம் வெளுத்துத்தான் இருந்தது.
விடிவதற்குள் பனி விழும் என்று
எனக்கு மட்டும் தெரிந்தது.