மூன்றாவது புரூஃப்

கிங்ஸ்ஃபோர்டில், டிராம் வந்து நின்றுவிடும் முனையில்
மெனு அச்சடிக்கிறேன்.
மெய்ஸ்கே ருமெங்கான் முதல் புரூஃபில்
'மனாடோ கஞ்சி'யைச் சிவப்பு மையால் அடித்து
மேலே எழுதினாள்: தினுதுவான்.

"மனாடோவில் யாரும் மனாடோ கஞ்சி கேட்பதில்லை.
காலையில் உட்கார்ந்து தினுதுவான் என்றால்
பூசணியும் சோளமும் குழையக் குழைய வரும்,
தொட்டுக்கொள்ளப் புகைபோட்ட மீன் சம்பல்.
ஜகார்த்தாவில் போய் இறங்கியதும்தான்
அதன் தோளில் ஊர் ஏறிக்கொண்டது."

கடையில் பாதிப் பங்கு போன்டாஸுடையது. மேடான்காரர்.
இரண்டாவது புரூஃபில் நீல மையால்
மனாடோவைத் திரும்பக் கூட்டிவந்தார்.
"தினுதுவான் என்று போட்டால்
யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்."

"அப்போ உன் பிக்கா அம்போன்?" என்றாள்.
மேடானில் வேகிற, தேனடை போல் துளைவிட்ட கேக் அது.
அம்போன் தீவுக்காரர் ஒருவர் போன மாதம்
ஆசையாய் வாங்கி, ஒரு கடி கடித்து,
"இது என்ன?" என்றாராம்.
போன்டாஸ் சிரிக்கவில்லை.
"பேருக்குக் காரணம் கேட்டால்
எங்களிடம் தெருவுக்கு ஒரு கதை."

நான் எழுத்தின் அளவைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.
விடவில்லை.
"நீ சொல். சூப்பர் மார்க்கெட்டில் புட்டியில் விற்கிறானே, மெட்ராஸ் கறி,
மெட்ராஸில் அதற்கு என்ன பெயர்?"

குரோம்பேட்டையில் இருபத்தாறு வருஷம்.
வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு,
மீந்ததைச் சுண்டவைத்த மறுநாள் குழம்பு;
ஒன்றைக்கூட மெட்ராஸே என்று கூப்பிட்டதில்லை.
"அங்கே அது இல்லை" என்றேன்.
"இல்லாததற்கா உன் ஊர்ப் பேர்?"

திருநெல்வேலியில் கால் கிலோ அல்வா என்றுதான் கேட்பார்கள்
என்று சொல்ல வந்தேன்.
சொன்னால் இன்னொரு புரூஃப் ஆகும்.

மூன்றாவதில் தினுதுவான் பெரிதாக,
அடியில், எட்டு பாயிண்டில், மனாடோ கஞ்சி.
இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், அவரவர் மையில்.
லேமினேஷனோடு இருநூறு.

வெள்ளிக்கிழமை கட்டைக் கொண்டுபோய் இறக்கும்போது
பரிமாறுகிற பையன் அடுப்படிப் பக்கம் கத்தினான்:
"நாலாம் டேபிளுக்கு ரெண்டு மஞ்சள்!"

பணம் அனுப்ப மெய்ஸ்கே போனை எடுத்தாள்.
அதில் என் எண்ணுக்கு 'மெட்ராஸ் பிரிண்ட்' என்று பேர்.
முகம் சுளிக்கப் போனேன்.
எண் சரிதானா என்று அவள் அழுத்திப் பார்க்க
என் சட்டைப்பை அலறியது.

எடுத்தேன்.
அவள் எட்டிப் பார்ப்பதற்குள்
உள்ளங்கையால் திரையை மூடினேன்.
'மனாடோ கஞ்சி' அழைத்துக்கொண்டிருந்தது.