அரை சவரன்

முந்நூற்று எண்பத்தாறு கிராம்.
தராசு நின்றதும் வேலவேந்தன் உரக்கச் சொல்ல
நான் எழுதிக்கொள்கிறேன்.
அரை சவரன் கம்மல் கனமே இருக்கவேண்டிய சுரப்பி,
சிறுநீரகத்தின் உச்சியில்
யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பது.
வெட்டினால் மஞ்சள். நடுவே ரத்தம் உறைந்த பழுப்பு.
ஃபார்மலின் கண்ணைக் கரிக்கிறது.
வெளியே வேலூருக்கு நூற்றெட்டு டிகிரி.

ஷமீமுன்னிசா, முப்பத்து நாலு, பேரணாம்பட்டு.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர்.
படிவத்தில் மூன்று வரிக்குத்தான் இடம்;
பயிற்சி மருத்துவர் யாரோ, புதுசு போல,
ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார்:
முகம் உப்பல். வயிற்றில் ஊதா வரிகள்.
எட்டு மாதமாய் மீசை, நூல் போட்டு எடுக்கிறார்.
அழுத்தம் மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை.
ஒரு நாள் சிறுநீர் முழுதும் லாட்ஜ் அறையில் கேனில் சேர்த்து,
கறுப்புப் பையில் சுற்றி,
வங்காளிப் பலகைகள் தொங்கும் சந்து வழியே
தானே தூக்கி வந்தார்.
பிறகு, வேறு பேனாவில்:
குரல் கனத்துவிட்டது. ஃபோனில் மகள்
‘மாமா, அம்மிகிட்ட குடுங்க’ என்கிறாள்.

ஒன்பது கேள்விகள் இந்தக் கட்டிக்கு.
மூன்றுக்கு ஆம் என்றால் புற்று.
இரண்டோடு நின்றால் சும்மா வளர்ந்தது.
உட்கருக்கள் பெருத்து, கோணி, ஒன்றுபோல் ஒன்றில்லை: ஆம்.
வெளிறிய செல்கள் கால்பங்குகூடத் தேறவில்லை: ஆம்.
உறையைக் கிழித்ததா? இல்லை.
அழுகிச் செத்த இடம்? தேடிவிட்டேன், இல்லை.

பிளவுபடும் செல்களை எண்ணவேண்டும்,
பெரிய லென்சில், ஐம்பது களம்.
ஐந்தைத் தாண்டினால்தான் கணக்கு.
நாற்பத்தொன்றில் ஐந்தாவது கிடைத்தது.
நாற்பத்தெட்டில் ஒன்று, கறுத்து, சுருங்கி:
பிளக்கிறதா, சாகிறதா?
ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்க்கிறேன்.
பக்கத்து மேசை ஜெபக்கனி குனிந்து பார்த்து
‘சாகுது’ என்றாள்.
உடனே டீ குடிக்கப் போய்விட்டேன்.
எண்ணுகிறவள் கட்சி சேரக்கூடாது.
சேர்ந்திருந்தேன்.

பதினேழாம் கண்ணாடி, கடைசி.
தசைச்சுவர் உள்ள ஒரு சிரை.
உள்ளே, சுவரைப் பிடித்தபடி, அதே கோணல் உட்கருக்கள்.

பாலாற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது
மணலைப் பார்த்து ‘தண்ணியே இல்லையே’ என்பார்கள்
வெளியூர்க்காரர்கள்.
ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும்
அது அடியில் எந்தப் பக்கம் போகிறதென்று.

மூன்று.
எடை, அளவு, சிரை, முடிவு, கையெழுத்து.
அந்தக் குழந்தை ஃபோனில் சொன்னதற்கு
அறிக்கையில் பத்தி கிடையாது.
படிவத்தின் பின்பக்கத்தை மட்டும்
இன்னொரு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தேன்.

சாயங்காலம் மண்டித் தெருவில்
அரைக் கிலோ முள்ளுக் கத்தரிக்காய் கேட்டேன்.
தராசு முள் நானூறுக்குச் சற்றுக் கீழே
நின்று நடுங்கியபோது
‘போதும், போதும்’ என்று கத்திவிட்டேன் போல.
கடைக்காரர் கையில் காயோடு நிமிர்ந்தார்.
‘இன்னும் நூறு வரணும்மா.’